537 ஓட்டுகளும் ஒரு கட்டைவிரல் ரேகையும்

2000ஆம் ஆண்டு நவம்பர் 8, புதன்கிழமை. காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடா மாநிலத்தை அல் கோர் ஜெயித்திருந்தார். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அது இல்லை என்றார்கள். மதிய இடைவேளையில் ஜார்ஜ் புஷ் அமெரிக்காவின் அடுத்த அதிபர். கடைசி மணி அடிப்பதற்குள் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எதிரே இருந்த டீக்கடைத் தொலைக்காட்சிக்கு முன்னால் சாக்பீஸ் தூசி படிந்த கையோடு நான் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. அங்கே விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நமக்கு அப்போதே பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர் எங்களுடையது. வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டிலும் வயலிலும் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம். தமிழ்வழி வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். புளோரிடாவைப் பற்றி எனக்கு என்ன அக்கறை என்று அன்றைக்கே சக ஆசிரியைகள் கேட்டார்கள். இரண்டு காரணங்கள். என் தம்பி அப்போது அந்த மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), போகா ரேட்டன் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். இரண்டாவது காரணம்தான் பெரியது. அந்தச் செப்டம்பரில் நடந்த கேரளப் பஞ்சாயத்துத் தேர்தலில் நான் ஓட்டு எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வார்டு என்று சொல்ல மாட்டேன். அப்போது எங்களுக்குத் தாள் ஓட்டுதான். சின்னத்தின் மேல் அம்புக்குறி முத்திரையைக் குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். என் மேஜையில் பிரித்து அடுக்கிய கட்டுகளில் ஒருவர் மிகச் சில ஓட்டுகள் முன்னால் இருந்தார். மறு எண்ணிக்கை கேட்டார்கள். சந்தேகத் தாள்கள் தனியே எடுக்கப்பட்டன.

ஒரு தாளில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று அழுத்தமாக, இன்னொன்று மங்கலாக வேறொருவர் சின்னத்தின் மேல். "அசாது, அசாது" என்று ஏஜெண்டுகள் கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் செல்லாத ஓட்டுக்கு மலையாளச் சொல்லைத்தான் சொல்வார்கள். தேர்தல் அதிகாரி அந்தத் தாளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். பிறகு மடிப்பின்படி மெதுவாக மடித்துக் காட்டினார். மங்கலான முத்திரை அழுத்தமான முத்திரையின் மேல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மை காய்வதற்குள் மடித்ததால் ஒட்டிய அச்சு அது. அம்புகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்தாலே எது நிஜம், எது நிழல் என்று தெரிந்துவிடும். அந்த முத்திரையை வடிவமைத்தவர் யாரோ, அவருக்கு நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன். ஓட்டு செல்லும் என்று அதிகாரி சொன்னார், கத்தியவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த தாளில் முத்திரையே இல்லை. சின்னத்தின் நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, நீல மையில், சுழி சுழியாக. யாருக்குப் போட்டார் என்பதில் எள்ளளவு ஐயமும் இல்லை. ஆனால் கொடுத்த முத்திரையால் குத்தாத ஓட்டு செல்லாது என்பது விதி. போட்டவர் யார் என்று அடையாளம் தெரியும்படியும் எதுவும் இருக்கக்கூடாது. தாள் செல்லாத கட்டுக்குப் போனது. அந்த வார்டின் முடிவு கடைசியில் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் நின்றது. அந்த ஒரு தாள் முடிவை மாற்றியிருக்காது. ஆனாலும் இரவு படுத்தால் அந்த ரேகைதான் கண்ணில் நின்றது. ரேஷன் கடையிலும் பேங்கிலும் வாழ்நாள் முழுக்கக் கட்டைவிரலை வைத்துப் பழகிய ஒருவர், ஓட்டுக்கும் அதையே வைத்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார். தன் ஓட்டு சேரவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

இந்த மனநிலையில் இருந்தவளிடம்தான் புளோரிடா வந்து சேர்ந்தது.

அங்கே அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கு உண்டு; ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஓர் ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் மொத்தத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். புளோரிடாவுக்கு 25 பேர். மற்ற மாநிலங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தபோது, அந்த 25 யாருக்கோ அவர்தான் அதிபர் என்று ஆகிவிட்டது. நாடு முழுவதும் சேர்த்து கோர் 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு வாங்கியிருந்தார். அது கணக்கில் வரவில்லை. புளோரிடாவில் மட்டும் கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். முதல் எண்ணிக்கையில் புஷ் 1,784 ஓட்டு முன்னால். அரை சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் தானாகவே மறு எண்ணிக்கை என்பது அந்த மாநிலச் சட்டம். இயந்திரத்தில் மறுபடி ஓட்டியதும் அது முந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. ஒரே அட்டைகள், அதே இயந்திரங்கள், வேறு விடை. கணக்கு ஆசிரியைக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று முதல் தினமும் வாசகசாலைக்குப் போனேன். தமிழ்ப் பேப்பரில் இரண்டு பத்தி, மலையாளப் பேப்பரில் அரைப் பக்கம், ஆங்கிலப் பேப்பரில் முழுப் பக்கம். மூன்றையும் படித்துவிட்டு, ராத்திரி பிபிசி தமிழோசையும் கேட்பேன்.

அந்த மாநிலத்தில் 67 கவுண்டிகள். ஓட்டுப் போடும் முறையைக் கவுண்டிக்குக் கவுண்டி வேறாக வைத்திருந்தார்கள். பல இடங்களில் துளை அட்டை முறை. பெயருக்கு நேரே உள்ள துளையில் ஓர் ஊசியை அழுத்தினால், கீழே இருக்கும் அட்டையிலிருந்து முன்பே கீறி வைத்த குட்டிச் சதுரம் ஒன்று பெயர்ந்து விழ வேண்டும். பழைய அட்டை ரயில் டிக்கெட்டைப் பரிசோதகர் இடுக்கியால் நறுக்குவாரே, அந்த மாதிரி. பொள்ளாச்சி ரயிலில் அந்தத் துணுக்குகளைப் பொறுக்கி விளையாடியவள் நான். அந்தத் துணுக்குக்கு அவர்கள் 'சாட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முழுவதும் விழாமல் ஒரு மூலையில் தொங்கினால் தொங்கும் சாட். விழாமல் புடைத்து மட்டும் நின்றால் கர்ப்பிணி சாட். தொங்கும் துணுக்கு துளையை மூடிக்கொண்டால் இயந்திரம் அந்த ஓட்டைப் பார்க்காது. இவர் யாருக்குமே போடவில்லை என்று எண்ணிக்கொண்டு அடுத்த அட்டைக்குப் போய்விடும்.

பிரவார்ட் கவுண்டியில் கையால் எண்ணியபோது ஒரு நீதிபதி அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்கள் பிதுங்க உற்றுப் பார்க்கும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. வாசகசாலையில் பலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அதிகாரி டியூப் லைட்டுக்கு நேரே தாளைப் பிடித்தபோது அவர் முகமும் இப்படித்தான் இருந்தது, என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். ஓட்டுப் போட்டவர் எதிரில் இல்லை, அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அவர் விட்டுச்சென்ற ஒரே ஒரு காகிதம்தான் நம் கையில் இருக்கிறது. அதை இரண்டு கண்ணாலும் பார்ப்பதைத் தவிர வேறு என்ன மரியாதையை அவருக்குச் செய்துவிட முடியும்?

பாம் பீச் கவுண்டியின் கதை இன்னும் வேதனையானது. பத்து வேட்பாளர் ஜோடிகள். வயதானவர்கள் அதிகம் வாழும் இடம் என்பதால், எழுத்துப் பெரிதாக இருக்கட்டும் என்று அங்கிருந்த தேர்தல் அதிகாரி நினைத்தார். அவரும் கோரின் கட்சியைச் சேர்ந்தவர்தான். பெரிய எழுத்தில் எல்லாப் பெயர்களும் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஆகவே இடப் பக்கத்தில் சிலர், வலப் பக்கத்தில் சிலர், நடுவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரிசைத் துளைகள். வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த மாதிரி. இடப் பக்கத்தில் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் கோர். ஆனால் இரண்டாவது துளை வலப் பக்கத்தில் இருந்த, வேறொரு சிறிய கட்சியின் வேட்பாளரான புக்கானனுடையது. கோருக்கு மூன்றாவது துளை.

பொங்கலுக்குத் தம்பி வந்தபோது அந்த ஓட்டுச்சீட்டின் படம் அச்சான பத்திரிகைப் பக்கத்தை மடித்து எடுத்து வந்திருந்தான். "அக்கா, இதைப் பாருங்கள். என் வீட்டுக்காரப் பாட்டி ஓட்டுச்சாவடியிலிருந்து வந்து அழுதுவிட்டார்" என்றான். வாழ்நாள் முழுக்க கோரின் கட்சிக்கே போட்டவராம். வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டாரோடு பேசும்போதுதான் எந்தத் துளையைக் குத்தினோம் என்ற சந்தேகமே அவருக்கு வந்திருக்கிறது.

நான் சார்ட் அட்டையில் அதை அப்படியே வரைந்தேன். பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதினேன், கவராய முனையால் துளைகள் போட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொடுத்து, "இடப் பக்கத்தில் இரண்டாவதாக இருப்பவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்றேன். அப்பாவுக்கு அப்போது 74 வயது. திருவிதாங்கூர்-கொச்சியாக இருந்த காலத்தில், 1952 தேர்தலில் முதல் ஓட்டைப் போட்டவர். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். இரட்டைக் காளைப் பெட்டியில் தாளைப் போட்ட கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் எங்கே, அம்மிணி?" என்றார்.

"படம் இல்லை அப்பா. பெயர் மட்டும்தான்."

"படம் இல்லாமல் எப்படிப் போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டு, விரலால் பெயர்களை எண்ணினார். ஒன்று, இரண்டு. பிறகு துளைகளை எண்ணினார். ஒன்று, இரண்டு. ஊசியைக் குத்தினார். புக்கானன்.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் கொடுத்துப் பார்த்தேன். கூர்மையான கண்ணுள்ள பிள்ளைகள், கணக்கில் கெட்டிக்காரிகள் உட்பட ஐந்து பேர் அப்பா குத்திய துளையையே குத்தினார்கள். ஓட்டுப் போடத் தெரியாதவர்கள் என்று அந்த முதியவர்களைப் பற்றி எழுதியவர்கள் மீது அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பாம் பீச்சில் புக்கானனுக்கு 3,407 ஓட்டு விழுந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தனக்குப் போட்டவையாக இருக்காது என்று அவரே தொலைக்காட்சியில் சொன்னார். அதை நான் மதிக்கிறேன். இது போக, தவறான துளையைக் குத்திவிட்டு, புரிந்ததும் சரியான துளையையும் குத்தியவர்கள் இருந்தார்கள். இரண்டு துளை என்றால் செல்லாத ஓட்டு. அந்தக் கவுண்டியில் இப்படி ஒன்றுக்கு மேல் குத்தி வீணானவை 19,000-க்கும் மேல். புக்கானன், கோர் இரண்டையும் குத்தியவை மட்டுமே 5,000-க்கும் மேல். மாநிலம் முழுவதற்குமான கடைசி வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? புஷ் 29,12,790, கோர் 29,12,253. வித்தியாசம் 537. எங்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகள் அதைவிட அதிகம்.

அந்தக் கவுண்டியில் மட்டும் மறு ஓட்டுப் பதிவு நடத்தக் கூடாதா என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். புளோரிடா உச்ச நீதிமன்றம் டிசம்பர் 1 அன்று மறுத்துவிட்டது. அதிபர் தேர்தல் நாடு முழுவதற்கும் ஒரே நாள். யார் ஓட்டுக்கு அதிபர் பதவியே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு ஓரிடத்தில் மட்டும் திரும்பப் போடச் சொன்னால் அது வேறு தேர்தலாகிவிடும் என்ற வாதம் எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் எங்கள் கேரளத்தில் ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தின் பரவூரில்தான், 1982ஆம் ஆண்டு மே மாதம், இந்தியாவிலேயே முதன்முதலாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை வைத்தார்கள். 84 சாவடிகளில் 50 சாவடிகளில் இயந்திரம், மற்றவற்றில் தாள். இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ. சி. ஜோஸ் வழக்குப் போட்டார். ஓட்டு என்றால் தாள் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, இயந்திரத்துக்கு அதில் இடமே இல்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த 50 சாவடிகளிலும் தாளில் திரும்ப ஓட்டுப் போட்டார்கள். இந்த முறை ஜோஸ் ஜெயித்தார். இயந்திரத்துக்கு இடம் கொடுத்துச் சட்டம் பிறகுதான் வந்தது. இந்தக் கதையைத் தேர்தல் வகுப்பில் எங்களுக்குச் சொன்னபோது, எந்தக் கட்சிக்காரரும் முகம் சுளிக்காமல் கேட்டார்கள்.

புளோரிடாவுக்கு வருகிறேன். கோர் தொடுத்த வழக்குக்காகப் பாம் பீச்சின் ஓட்டு அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் வாடகை டிரக்கில் ஏற்றித் தலைநகரான டல்லஹாசிக்குக் கொண்டுபோனார்கள். வானத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் படம் பிடித்தன. நம் ஊரில் ஓட்டுப்பெட்டி ஜீப் பஞ்சாயத்து ரோட்டில் போகும்போது வாய்க்கால் மதகில் நின்று பார்ப்போமே, அதே படபடப்போடு அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நீதிமன்ற வாசல்வரை போன அந்த அட்டைகளை அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. டிசம்பர் 8 அன்று, இயந்திரம் படிக்காமல் விட்ட அட்டைகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ணுங்கள் என்று புளோரிடா உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் உத்தரவு போட்டது. மறுநாள் சனிக்கிழமை காலை எண்ணத் தொடங்கினார்கள். அன்று பிற்பகலே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், நிறுத்தச் சொன்னது. மேஜையில் பாதி எண்ணிய கட்டுகள் அப்படியே கிடக்க எழுந்திருக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எண்ணியவளுக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 12 இரவு தீர்ப்பு வந்தது. ஒரு கவுண்டியில் ஒரு மூலை தொங்கினால் போதும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் வெளிச்சம் தெரிய வேண்டும் என்கிறார்கள். ஒரே மாநிலத்தில் ஓட்டுக்கு ஓட்டு வேறு அளவுகோல் வைப்பது சமத்துவம் ஆகாது என்றார்கள். அது உண்மை, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நம் விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு: முத்திரை தெளிவாக இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட முறை குத்தப்பட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் தாளைத் தள்ளக்கூடாது, இன்னாருக்குப் போட நினைத்தார் என்பது தாளிலிருந்து தெளிவாகத் தெரிந்தால் அது ஓட்டு. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை அந்த ஒரே வரிதான். புளோரிடாச் சட்டமும் வாக்காளரின் எண்ணத்தைத்தான் தேடச் சொன்னது, எப்படித் தேடுவது என்று மட்டும் சொல்லாமல் விட்டிருந்தது. அப்படியானால் ஓர் அளவுகோலை வகுத்துக்கொடுத்து எண்ணச் சொல்லியிருக்க வேண்டும். நேரமில்லை, மாநிலம் தன் தேர்வாளர்களை முடிவுசெய்யும் கெடு இன்றோடு முடிகிறது என்றார்கள். கெடு முடிய இரண்டே மணி நேரம் இருக்கும்போது அதைச் சொன்னார்கள். இடையில் எண்ணிக்கையை நிறுத்தி வைத்திருந்ததும் அவர்களேதான். மறுநாள் கோர் தோல்வியை ஏற்றுக்கொண்டு பேசினார். அந்தப் பேச்சில் கசப்பு இல்லை. அது எனக்கு ஆச்சரியமாகவும் பெருமையாகவும் இருந்தது.

பிறகு பத்திரிகைகள் சேர்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வு நிறுவனம் ஒன்றின் மூலம், எண்ணப்படாத, தள்ளப்பட்ட ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ஓட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தன. 2001 நவம்பரில் முடிவு வந்தது. கையால் எண்ணச் சொல்லி கோர் கேட்ட நாலு கவுண்டிகளில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான் ஜெயித்திருப்பார். மாநிலம் முழுவதும் எல்லா வகையான தள்ளுபடி ஓட்டுகளையும் பார்த்திருந்தால், நூலிழையில் கோர் ஜெயித்திருப்பார். அதைப் படித்த நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. யார் ஜெயித்திருப்பார் என்பதற்காக அல்ல. ஒரு வருடம் கழித்தாவது அத்தனை ஓட்டுகளையும் உட்கார்ந்து பார்க்க முடிந்திருக்கிறது; பார்க்க முடியாது என்று சொல்லப்பட்ட அதே ஓட்டுகள்.

அமெரிக்காவில் துளை அட்டைகளை ஒழிக்க 2002இல் சட்டம் வந்தது. எங்களுக்கு அதற்கு முன்பே, 2001 சட்டமன்றத் தேர்தலில், எல்லாச் சாவடிகளிலும் இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்தில் செல்லாத ஓட்டு விழாது. கட்டைவிரல் ரேகைக்கு அங்கே வேலையில்லை. அது பெரிய நன்மை, மறுக்கவே மாட்டேன். ஆனால் எடுத்துப் பார்க்க ஒரு தாள் இல்லாமல் போனது எனக்குப் பல வருடம் உறுத்தலாகவே இருந்தது. பட்டனை அழுத்தினோம், 'பீப்' என்றது, அவ்வளவுதான்.

2019 மக்களவைத் தேர்தலில் எங்கள் சாவடியில் இயந்திரத்தின் பக்கத்தில் ஒப்புகைச்சீட்டுப் பெட்டியும் இருந்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை. பட்டனை அழுத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது, ஒரு சிறிய தாள் இறங்கியது. வரிசை எண், பெயர், அப்பா கேட்ட படம். ஏழு விநாடி நிற்கும். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து மூன்றையும் படித்தேன். வெளியிலிருந்து, "டீச்சர், முடிந்ததா?" என்று யாரோ கேட்டார்கள். தாள் அறுந்து பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் மறைப்பை விட்டு வெளியே வந்தேன்.